ரிச்சர்டு காப்டனும் வாணிக நியாயமும்

ஒரு தேசம் மற்றொரு தேசத்தோடு வாணிக உடன்படிக்கை பேசப் புகுங்கால் நியாயம் என்பது யாது? நீ உன் வாயிலைத் திறந்தாலன்றி யான் என் வாயிலைத் திறவேன் என்று நிற்றலா? பிறர் யாது செய்யினும் செய்க, நம் வாயிலைத் திறந்து வைத்தலே நமக்கு நன்று எனக் கொள்ளுதலா? அன்றி, இன்னும் முதிராத கைத்தொழிலையுடைய நாடு முதிர்ந்த நாட்டோடு ஒரே விதிக்கு உட்படுதல் தகாது என்று மறுத்தலா? மாணவர் சொற்போர்க் கழகங்களிலே இவ்வினா எழும்போதெல்லாம் இரு கட்சியாரும் காப்டன் என்னும் பெயரைத் தத்தமக்கு ஏற்றவாறு எடுத்தாளுவதை நாம் கேட்டிருக்கிறோம். ஒருவர் அவரைத் தடையிலா வாணிகத்தின் தந்தை என்பர். மற்றொருவர் மான்செஸ்டர் ஆலைக்காரரின் கைக்கருவி என்பர். அவர் வாழ்ந்த வாழ்க்கையோ இவ்விரு பெயருக்குள்ளும் அடங்குவதன்று. ஆதலின் அவருடைய சரிதத்தை நம் கல்லூரி அன்பர்கள் முன்னிலையில் ஒருவாறு எடுத்துரைக்கத் துணிந்தோம்.

ரிச்சர்டு காப்டன் 1804-ம் ஆண்டு ஜூன் மாதம் 3-ந் தேதி இங்கிலாந்தின் தென்பகுதியாகிய சஸெக்ஸ் நாட்டிலே, மிட்ஹர்ஸ்டு என்னும் ஊரை அடுத்த டன்பர்டு என்னும் பண்ணை வீட்டிற் பிறந்தார். உடன்பிறந்தார் பதினொருவருள் அவர் நான்காமவர். தந்தையார் நல்லவர், ஆயின் உலகியல் வன்மை இல்லாதவர். கடன் மேலிட்டுப் பண்ணை கைவிட்டுப் போயிற்று. பத்து வயதுச் சிறுவனை உறவினர் ஒருவர் யார்க்‌ஷயர் நாட்டிலுள்ள ஒரு பள்ளிக்கு அனுப்பினார். பிள்ளைகளைப் பட்டினியிட்டும் அடித்தும் வளர்த்த அக்காலத்து யார்க்‌ஷயர்ப் பள்ளிகளின் கொடுமையை டிக்கன்ஸ் தம் நாவல் ஒன்றில் உலகறியச் செய்தார். அத்தகைய இடத்திலே ஐந்து ஆண்டுகள் கழிந்தன. அக்காலத்தைப் பற்றி முதுமையிலும் அவர் வாய்திறந்து பேச விரும்பியதில்லை.

1819-ம் ஆண்டில் லண்டனிலிருந்த சிறிய தந்தையாரின் துணிக்கிடங்கிற் கணக்கெழுதும் வேலை கிடைத்தது. இராப்பொழுதிலே நூல்களைப் படித்துத் தாமே பிரெஞ்சு மொழி கற்றுக்கொண்டார். அது பின்னாளில் எதற்குப் பயன்படும் என்று அவர் அப்போது அறிந்திருக்க இயலாது. பிறகு மாதிரித் துணிகளைச் சுமந்து ஊர் ஊராய்ச் சென்று கொள்முதல் உத்தரவு பெற்றுவரும் வேலையில் அமர்ந்தார். 1828-ல் நண்பர் இருவரோடு கூட்டுச் சேர்ந்து தாமே சீட்டித்துணி வாணிகம் தொடங்கினார். 1831-ல் லங்காஷயர் நாட்டுச் சாப்டன் என்னும் ஊரில் ஒரு சீட்டியச்சுச் சாலையை எடுத்து நடத்தலானார். அடுத்த ஆண்டு மான்செஸ்டரிற் குடியேறினார்.

இங்கே ஒன்று சொல்லிச் செல்ல விரும்புகிறோம். சீட்டித்துணி இங்கிலாந்தின் பழந்தொழில் அன்று. காலிக்கோ என்று ஆங்கிலர் வழங்கும் பெயரே நம் கள்ளிக்கோட்டையின் பெயரிலிருந்து பிறந்தது. இந்தியச் சீட்டிகளின் அழகுக்கு முன் தங்கள் கம்பளியும் பட்டும் விலைபோகாமை கண்டு, ஆங்கிலப் பார்லிமெண்டார் 1700-ம் ஆண்டிலும் மீண்டும் 1721-ம் ஆண்டிலும் சட்டமியற்றி அவற்றைத் தடுத்தார்கள். அத்தடைகளின் நிழலிலும், பின்னர் இயந்திரத்தின் வலியாலும் வளர்ந்ததே லங்காஷயர் பருத்தித் தொழில். தடையிலா வாணிகத்தைப் போதித்தவரின் செல்வமே தடையால் வளர்ந்த தொழிலிலிருந்து வந்தது என்பதை, அவருடைய புகழைக் குறைப்பதற்காக அன்று, பின்வரும் வாதங்களை அளந்தறிவதற்காக நினைவிற் கொள்வோமாக.

சாப்டன் அச்சுச் சாலை நன்கு நடந்தது. காப்டன் பணம் சேர்ப்பதில் முழு மனத்தையும் செலுத்தியிருப்பாராயின் பெருஞ் செல்வராய் இறந்திருப்பார். அவர் பெயரை இன்று ஒருவரும் அறியார். 1835-ல் அமெரிக்காவுக்கும், அடுத்த ஆண்டுகளில் எகிப்து துருக்கி முதலிய கீழைத் தேசங்களுக்கும் பிரயாணஞ் செய்தார். மான்செஸ்டர்க் கைத்தொழிலாளர் ஒருவர் என்ற புனைபெயரில் இரண்டு சிறு நூல்கள் வெளியிட்டார். நாடுகள் வல்லமைச் சமநிலை என்று சொல்லிக்கொண்டு படை திரட்டுதல் வீண் என்பதும், ஒருவர் பொருளை மற்றொருவர் தடையின்றிக் கொள்ளுதலே சமாதானத்திற்கு உறுதியான அடிப்படை என்பதும் அந்நூல்களின் சாரம். அவர் வாழ்நாள் முழுவதும் பேசியது இவ்வொன்றையே. சுங்கத்தை அவர் வெறும் பணக்கணக்காக நோக்கியதில்லை. சுங்கச் சாவடிகளைப் போரின் முன்வாயில்களாகவே கண்டார்.

அக்காலத்து இங்கிலாந்தில் தானியச் சட்டம் என்று ஒன்று இருந்தது. 1815-ல் இயற்றப்பட்ட அச்சட்டப்படி, உள்நாட்டுக் கோதுமை ஒரு குவார்ட்டர் அளவு 80 ஷில்லிங்கு விலைக்கு ஏறினாலன்றி வெளிநாட்டுக் கோதுமையை நாட்டிற்குள் விற்றல் கூடாது. 1828-ல் அது விலைக்கேற்ப ஏறியிறங்கும் தீர்வையாக மாற்றப்பட்டது. நிலப்பிரபுக்களுக்குக் குத்தகை உயர்ந்தது. நெசவாளிக்கு ரொட்டி சுருங்கியது. இதனை ஒழிக்க 1838-ல் மான்செஸ்டரில் ஒரு சங்கம் தோன்றி, மறு ஆண்டில் தானியச் சட்ட எதிர்ப்புச் சங்கம் எனப் பெருகியது. காப்டன் அதன் உயிர்நாடி. ஜான் பிரைட் அதன் குரல். 1841-ல் பிரைட்டின் இளம் மனைவியார் இறந்து அவர் சோகத்தில் மூழ்கியிருந்தபோது, துக்கம் விசாரிக்கச் சென்ற காப்டன், பசியால் மனைவியும் மக்களும் மடியும் வீடுகள் ஆயிரக்கணக்கில் உள்ளன என்றும், முதற் சோகம் ஆறியபின் தம்மோடு வந்து அச்சட்டம் ஒழியுங்காறும் ஓயாது உழைக்கவேண்டும் என்றும் அழைத்தார். இருவரும் அவ்வாறே செய்தனர்.

சங்கம் தொழிற்பட்ட முறையை விரிப்பின் பெருகும். 1840-ல் ஏற்பட்ட ஒரு பென்னி அஞ்சலைக்கொண்டு லட்சக்கணக்கான துண்டு நூல்களை வீடுதோறும் அனுப்பினர். 1843-ல் 50,000 பவுனும் அடுத்த ஆண்டில் 1,00,000 பவுனும் நிதி திரட்ட முனைந்தனர். 1819-ல் குதிரைப்படை பாய்ந்து ஏழை மக்களைக் கொன்ற பீட்டர் மைதானத்தில் காப்டனுக்குச் சொந்தமாயிருந்த நிலத்திலே கூட்ட மண்டபம் எழுப்பினர். 1841-ல் காப்டன் ஸ்டாக்போர்ட்டு ஊரின் பிரதிநிதியாகக் காமன்ஸ் சபை புகுந்தார். அவர் பேச்சில் அலங்காரம் இல்லை. கேட்பவரோடு உடனிருந்து கணக்குப் பார்ப்பவர்போலப் பேசுவார்; கேட்டவர் தாமே முடிவு கண்டதாக எண்ணிச் செல்வர்.

அப்போது பிரதம மந்திரி ஸர் ராபர்ட் பீல். 1843-ல் அவருடைய அந்தரங்கச் செயலாளர் ஒரு பித்தனாற் சுட்டுக் கொல்லப்பட்டார். சிலநாட் கழித்து, மக்களின் துயருக்குப் பிரதம மந்திரியே பொறுப்பாளி என்று காப்டன் சபையிற் பேச, தம்மைக் கொலைக்கு இலக்காக்குகிறார் என்று பீல் தவறாக உணர்ந்து வெகுண்டார். சபை முழுதும் காப்டனை நோக்கி ஆரவாரித்தது. காப்டன் அவ்வவமதிப்பை எளிதில் மறக்கவில்லை. ஆயினும் வாதம் உள்ளே வேலை செய்துகொண்டிருந்தது. 1845-ல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்து பஞ்சம் எதிர்நின்றபோது, பீல் தம் கட்சியைப் பிளந்தும் தானியச் சட்டத்தை நீக்கத் துணிந்தார். 1846 ஜூனில் நீக்கச் சட்டம் நிறைவேறியது. அதே வாரத்தில் பதவியிழந்த பீல், இதன் புகழ் தமக்கோ எதிர்க்கட்சித் தலைவருக்கோ உரியதன்று, ரிச்சர்டு காப்டனுக்கே உரியது என்று சபையறியக் கூறிச் சென்றார். பெருந்தன்மை இருவரிடத்தும் இருந்தது என்க.

நம் வினாவிற்கு இந்நிகழ்ச்சி மிக இன்றியமையாதது. பீல் அதற்கு முன் சில ஆண்டுகளாகப் போர்த்துகல் முதலிய நாடுகளோடு, நீர் இவ்வளவு குறைத்தால் யாம் இவ்வளவு குறைப்போம் என்று பேரம் பேசிப் பார்த்துப் பயன் கண்டிலர். 1846-ல் இங்கிலாந்து எவரிடத்தும் எதனையும் கேளாமலே தன் தானிய வாயிலைத் திறந்தது. தன் மக்களுக்கு ரொட்டி மலிவாதல் நன்மையாயின், அந்நன்மையைப் பிறநாட்டார் வளைந்துகொடுக்குங்காறும் ஒத்திவைத்தல் பேதைமை என்பது காப்டன் கட்சியாரின் கொள்கை. இதற்கு மறுப்பு அன்றே எழுந்தது. ஜெர்மனியரான பிரெடெரிக் லிஸ்டு 1841-ல் வெளியிட்ட நூலிலே, இங்கிலாந்து தான் தீர்வைகளின் துணைகொண்டு மேலேறிய பின்னர்ப் பிறரை அத்துணையின்றி நிற்குமாறு கூறுகின்றது என்று வாதித்தார். அவ்வாதத்தை நாம் எளிதில் ஒதுக்க இயலாது. மேலே சீட்டியைப் பற்றிச் சொன்னது அவர் பக்கமே சாட்சி கூறுகின்றது. காப்டனோ, இங்கிலாந்து திறந்து காட்டினால் ஐந்து ஆண்டுகளுள் ஐரோப்பா முழுதும் அதனைப் பின்பற்றும் என்று நம்பினார். ஐரோப்பா அவ்வாறு செய்யவில்லை.

பொதுப்பணியில் அவர் தம் வாணிகத்தை முற்றும் கெடுத்துக்கொண்டிருந்தார். நாட்டார் நன்றி பாராட்டி 75,000 பவுனுக்கும் 80,000 பவுனுக்கும் இடைப்பட்ட தொகையைத் திரட்டி அளித்தனர். அதைக்கொண்டு கடன் தீர்த்துத் தாம் பிறந்த டன்பர்டுப் பண்ணையை மீட்டுக்கொண்டார். பிறகு பதினான்கு மாத காலம் ஐரோப்பாவெங்கும் சுற்றி மன்னரையும் மந்திரிகளையும் கண்டு தம் கொள்கையை விளக்கினார். விருந்துகள் குறைவில்லாமல் நடந்தன. தீர்வைகள் நின்றபடியே நின்றன. 1856-ல் அவருடைய ஒரே புதல்வன் ஜெர்மனியிற் பள்ளியிற் படித்துக்கொண்டிருக்கையில் காய்ச்சலால் திடீரென்று இறந்தான். வயது பதினைந்து. தாயார் அத்துயரினின்றும் பல ஆண்டுகள் தேறவில்லை. தந்தையார் பொதுவாழ்வினின்றும் ஒதுங்கி மனைவியாரின் அருகிலேயே இருந்தார்.

அவ்வொதுக்கத்தினின்றும் அவரை மீண்டும் சபைக்கு இழுத்தது சீனத்துச் செய்தி. 1842-ம் ஆண்டு நான்கிங்கு உடன்படிக்கையின் வழியாகச் சீனம் தன் துறைமுகங்களைத் திறக்கவும், ஹாங்காங்கை விட்டுக்கொடுக்கவும், சுங்கத்தைத் தன் விருப்பப்படி அமைக்கும் உரிமையை இழக்கவும் நேர்ந்தது. ஏறக்குறைய நூற்றுக்கு 5 வீதமே அது இறக்குமதித் தீர்வை கொள்ளலாம் என்பது ஏற்பாடு. உடன்படிக்கை என்பது அதன் பெயர். பீரங்கியின் முன் எழுதப்பட்டது என்பது அதன் இயல்பு. 1856 அக்டோபரில் ஏரோ என்னும் சிறு கப்பலிற் கொள்ளைக்காரர் உளர் எனச் சீன அதிகாரிகள் மாலுமிகளைச் சிறைபிடித்தனர். கப்பல் சீனருடையது, ஆங்கிலக் கொடி பறக்கவிடும் பதிவுச்சீட்டோ காலங்கடந்தது. ஆயினும் கொடிக்கு இழுக்கு நேர்ந்தது என்று சொல்லிக் கான்டன் நகரைக் குண்டுகளால் தாக்கினர். உத்தரவிட்ட ஹாங்காங்குக் கவர்னர் ஸர் ஜான் பௌரிங்கு, தானியச் சட்ட எதிர்ப்பிலே காப்டனோடு நின்ற பழைய நண்பர். தடையிலா வாணிகத்தில் அவரிலும் ஆர்வமிக்கவர்.

இங்கேதான் மான்செஸ்டரின் கைக்கருவி என்பாருக்கு விடை கிடைக்கின்றது. சீனத்துச் சந்தை அகன்றால் லங்காஷயர்த் துணி அங்கே விலைபோகும். ஆயினும் காப்டன், நண்பரையும் நோக்கிலர், தம் ஊர்த் தொழிலின் ஆதாயத்தையும் நோக்கிலர். வலிய நாட்டினிடத்து இச்செயலைச் செய்யத் துணிவோமா என்று கேட்டு, மந்திரிசபையைக் கண்டிக்கும் தீர்மானத்தைக் கொணர்ந்தார். 1857 மார்ச்சு 3-ந் தேதி 263 பேர் ஆதரிக்க 247 பேர் எதிர்க்க அது நிறைவேறியது. பிரதம மந்திரி பாமர்ஸ்டன் பதவி விலகவில்லை. பார்லிமெண்டைக் கலைத்துத் தேர்தல் நடத்தினார். வாக்காளர் கொடியின் பக்கம் நின்றனர். ஹட்டர்ஸ்பீல்டில் காப்டன் தோற்றார். மான்செஸ்டரே பிரைட்டைக் கைவிட்டது.

இரண்டாண்டு கழித்து, அவர் அமெரிக்காவிற் பிரயாணஞ் செய்துகொண்டிருக்கையிலே, ராச்டேல் நகரத்தார் அவரைத் தம் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்தனர். 1859 ஜூனில் லிவர்பூலில் கரையிறங்கியபோது பாமர்ஸ்டனின் கடிதம் காத்திருந்தது: வாணிக மந்திரி பதவியும் மந்திரிசபையில் ஓரிடமும் தருவதாக. காப்டனுக்கு அப்போது பணமுடை மிகுதி. ஆயினும் இத்தனை காலம் எவருடைய கொள்கையை நாட்டிற்குக் கேடு என்று பழித்தாரோ அவருக்குக் கீழ்ப் பதவி ஏற்பது தகாது என்று நேரிற் சென்று மரியாதையோடு மறுத்துவிட்டார்.

அவ்வாண்டில் ஆங்கிலரும் பிரெஞ்சுக்காரரும் ஒருவரையொருவர் ஐயுற்றுக் கப்பலும் கோட்டையும் கட்டிக்கொண்டிருந்தனர். இவ்வளவு பொருளைப் படைக்குச் செலவிடுவதினும் பிரெஞ்சு அரசரோடு வாணிகம் பேசலாகாதா என்று பிரைட் சபையிற் கூறியதைப் படித்த மிஷேல் ஷெவாலியே என்னும் பிரெஞ்சுப் பொருளியலறிஞர், காப்டனுக்கு எழுதினார். காப்டன் நிதிமந்திரி கிளாட்ஸ்டனைக் கண்டு பேசினார். அரசாங்கத்தின் பத்திரம் ஒன்றும் இல்லாமலே, தனி மனிதராக அக்டோபரிற் பாரிஸ் சென்றார். அக்டோபர் 27-ந் தேதி மூன்றாம் நெப்போலியன் அவருக்குப் பேட்டியளித்தார்.

சக்கரவர்த்திக்கு விருப்பம் இருந்தது, அச்சமும் இருந்தது. அக்காலத்துப் பிரான்சில் அயல்நாட்டுப் பருத்தித் துணி, கம்பளித் துணி முதலிய பலவும் தீர்வை செலுத்தியும் கொணர இயலாதவாறு முற்றும் விலக்கப்பட்டிருந்தன. 1856-ல் அவ்விலக்கை நீக்கச் சட்டசபையிற் செய்த முயற்சி ஆலைமுதலாளிகளின் எதிர்ப்பால் வீழ்ந்தது. ஆயின் 1852-ம் ஆண்டு ஏற்பாட்டின்படி, உடன்படிக்கையின் வாயிலாகத் தீர்வையை மாற்றச் சக்கரவர்த்திக்குச் சட்டசபையின் சம்மதம் வேண்டுவதில்லை. ஆகவே பிரெஞ்சு மக்களுக்குத் தெரியாமல், நிதிமந்திரிக்குங்கூட முதலில் தெரியாமல், வாணிக மந்திரி ரூயேரோடு மறைவிற் பேச்சு நடந்தது. பொதுமேடையில் மக்களை அறிவுறுத்தியே வென்ற காப்டன், மக்கள் அறியாத அறையிலிருந்து பேச ஒருப்பட்டார். இது நமக்கு உவப்பாயில்லை. நன்மையான விதியாயினும், அதனால் தாக்குண்போர் ஒரு சொல்லும் சொல்லுமுன் முடிந்துவிட்டது என்ற குறையைப் பிரெஞ்சு ஆலைக்காரர் பல்லாண்டு மறக்கவில்லை.

1860 ஜனவரி 23-ந் தேதி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. பிரான்ஸ் விலக்குகளை நீக்கி, ஆங்கிலச் சரக்குகளின்மேல் விலையில் நூற்றுக்கு 30-க்கு மேற்படாத தீர்வையும், 1864 அக்டோபர் முதல் 25-க்கு மேற்படாத தீர்வையும் வைக்க இசைந்தது. நிலக்கரி, இரும்பு ஆகியவற்றின் தீர்வையும் குறைந்தது. இங்கிலாந்தோ பிரெஞ்சுக் கைத்தொழிற் பொருள்களிற் பெரும்பாலனவற்றிற்குத் தீர்வையை அறவே ஒழித்தது; காலனுக்கு 5 ஷில்லிங்கிற்கு மேலிருந்த திராட்சைமதுத் தீர்வையை உடனே 3 ஷில்லிங்காகவும் பின்னர் அதனினும் கீழாகவும் குறைத்தது. கிளாட்ஸ்டனின் அவ்வாண்டு வரவுசெலவுத் திட்டத்தின் பின் தீர்வைக்குரிய பொருள்கள் 48 மட்டுமே எஞ்சின.

உடனே இங்கிலாந்தில் இருபக்கத்தும் கூக்குரல் எழுந்தது. ஒரு சாரார், நாம் ஒன்றுமில்லை என்று விட்டோம், அவர்கள் 30 வைத்துக்கொண்டார்கள், இது சமனா என்றனர். மற்றொரு சாரார், காப்டனின் சீடர்களே, பேரம் பேசலாகாது என்று இருபது ஆண்டு போதித்தவர் இப்போது பேரம் பேசுவது கொள்கைத் துரோகம் அன்றோ என்றனர். காப்டனின் விடை இருவருக்கும் ஒன்றே. இங்கிலாந்து குறைத்த தீர்வைகளைப் பிரான்சுக்கு மட்டும் குறைக்கவில்லை, எல்லா நாட்டிற்கும் ஒருங்கே குறைத்தது. ஆதலின் அது விலையாகக் கொடுத்ததன்று. தன் மக்களின் நன்மைக்காகத் தானே செய்துகொண்டது. பிரான்சும் அவ்வாறே தன் மக்களுக்கு நன்மை செய்துகொள்ள ஒரு நல்ல தருணம் அமைத்துக்கொடுத்ததே உடன்படிக்கை. கணக்கை இருபுறமும் ஒரே எண்ணாக்கிச் சமன் பார்ப்பதை அவர் நியாயத்தின் அளவுகோலாகக் கொள்ளவில்லை. அவரவர் நின்ற இடத்திலிருந்து எவ்வளவு நடந்தனர் என்பதே அவர் கண்ட அளவு. முற்றும் அடைத்த கதவை 30-க்குத் திறந்தவன், 10-லிருந்து ஒன்றுமில்லாமைக்கு வந்தவனினும் அதிகம் நடந்தவன் அல்லனோ? இவ்வளவுகோலை இன்றைய வாணிகப் பேச்சினர் பலர் மறந்துவிடுகின்றனர் என்பது நம் கருத்து.

ஆயினும் நட்டம் அடைந்தவர் இருந்தனர். பிரெஞ்சுப் பட்டு நாடா தீர்வையின்றி வந்து குவிந்தமையால், கவென்டிரி நகரத்து நாடா நெசவாளர் வேலையிழந்து ஆயிரக்கணக்கில் நாடு விட்டேகினர். பிரெஞ்சு அரசாங்கம் தன் ஆலைகள் புது இயந்திரம் வாங்கிக்கொள்ள 4 கோடி பிராங்கு கடன் ஒதுக்கியது. கவென்டிரி நெசவாளருக்கு இங்கிலாந்து அத்தகைய கைகொடுத்திலது. மலிவான பொருளால் நாடு முழுதும் பெற்ற நன்மையிலிருந்து ஒரு சிறு பங்கை, அதற்காகத் தம் வாழ்வையே இழந்தவர்க்கு அளித்தல் நியாயத்தின் ஒரு கூறு அன்றோ? காப்டனின் கண் இப்பக்கம் போதிய அளவு திரும்பவில்லை என்றே சொல்லவேண்டும்.

ஜனவரிக் கையெழுத்தோடு வேலை முடியவில்லை. விலையில் நூற்றுக்கு இவ்வளவு என்பதை ஒவ்வொரு சரக்கிற்கும் எடைக்கு இவ்வளவு, அளவுக்கு இவ்வளவு என்று மாற்றவேண்டியிருந்தது. அதற்கு நூலின் தரம், துணியின் நெருக்கம், இரும்பின் வகை ஒவ்வொன்றிற்கும் விலை காணவேண்டும். அவ்வாண்டு இலையுதிர்காலம் வரை பாரிசில் அமர்ந்து, இருநாட்டு ஆலைக்காரரின் சாட்சியங்களையும் கேட்டு, ஒவ்வோர் எண்ணிற்கும் வாதிட்டார். சம்பளம் பெறவில்லை, தொண்டை நோயோ முற்றியது. பிரெஞ்சுக்காரர் எல்லைத் தீர்வையே உச்சமாகக் கொள்ளாமல் பல சரக்குகளுக்கு அதனினும் மிகக் கீழே இறங்கி வந்தனர். இதற்கிடையே சவாய், நீஸ் என்னும் பகுதிகளை நெப்போலியன் தன் நாட்டோடு சேர்த்துக்கொள்ள, ஆங்கிலர் சினந்தனர். ஜூலையில் பாமர்ஸ்டன் கரையோரக் கோட்டைகளுக்குப் பணம் கேட்கச் சபையிற் பிரான்சையே பகைவராக உருவகித்துப் பேசினார். தம் அரசாங்கத்தின் சார்பாக நட்புப் பேசிக்கொண்டிருந்தவருக்கு அதனினும் இடர் வேறில்லை. எழுந்து வந்துவிடாமல் இருந்து முடித்தார். துணைப் பத்திரங்கள் அக்டோபர் 12-ந் தேதியும் நவம்பர் 16-ந் தேதியும் கையெழுத்தாயின.

அதே அக்டோபரில் உலகின் மற்றொரு மூலையில் நடந்ததையும் நோக்குக. பாரிசில் எதிரெதிர் அமர்ந்து நூற்றுக்கு ஒன்று அரைக்கும் நியாயம் பேசிய அதே இரு அரசுகளின் படைகள், ஒன்று சேர்ந்து பீகிங்கு நகரை அடைந்திருந்தன. 18-ந் தேதி சீனச் சக்கரவர்த்தியின் கோடைக்கால அரண்மனை கொளுத்தப்பட்டது. 24, 25-ந் தேதிகளில் சீனம் அவர்கள் வைத்த பத்திரங்களிற் கையெழுத்திட்டது. பாரிசில் இருவரில் எவரும் வேண்டாம் என்று எழுந்து போகலாம். பீகிங்கில் ஒருவர்க்கு அவ்வுரிமை இல்லை. தீர்வையின் எண் 30 ஆயினும் 5 ஆயினும், பேச்சு நியாயமானதா என்பதற்கு இதனினும் தெளிந்த உரைகல் நமக்குத் தோன்றவில்லை. காப்டன் 1857-ல் தம் பதவியை இழந்து சொன்னதும் இதுவே.

அரசாங்கம் நன்றியாக அவருக்குப் பரம்பரைப் பட்டம் அளிக்க முன்வந்தது. 1861-ல் அதனை மறுத்து, ரிச்சர்டு காப்டனாகவே இருந்தார். உடன்படிக்கையில் ஒரு சிறு விதி இருந்தது. இருவரில் ஒருவர் பிற்காலத்தில் மூன்றாமவர் எவர்க்கேனும் அதனினும் மேலான சலுகை அளிப்பின், அச்சலுகை மற்றவருக்கும் தானே உரியதாகும் என்பது அது. பிரான்ஸ் 1862-ல் பிரஷியாவோடும், 1863-ல் இத்தாலியோடும், 1864-ல் சுவிட்ஸர்லாந்தோடும், பின் பிறரோடும் உடன்படிக்கை செய்ய, ஒருவர்க்குத் தந்தது எல்லார்க்கும் என ஐரோப்பா ஒரு வலைபோற் பின்னப்பட்டது. 1892-ல் பிரான்ஸ் மீண்டும் உயர்ந்த தீர்வைக்குத் திரும்பியபோது அவ்வலை அறுந்தது. விதி மட்டும் அழியவில்லை. 1947-ல் ஜினீவாவில் 23 அரசுகள் கூடிச் செய்த சுங்க வாணிகப் பொது ஒப்பந்தத்தின் முதல் விதியாக அமர்ந்ததும், 1995-ல் தோன்றிய உலக வாணிக அமைப்புக்கு அடிப்படையானதும் அதுவே. அவ்விருபத்துமூன்றில் இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, பர்மா, சீனம் ஆகியவையும் இருந்தன.

அந்நாடுகளுக்கு அம்மேசையிலே ஆசனம் கிடைக்க எவ்வளவு காலம் ஆயிற்று! காப்டன் 1853-ல் பர்மியப் போரைக் கண்டித்துத் தனி நூலே எழுதியவர். ஒரு நாட்டார் மற்றொரு நாட்டாரை நெடுந்தொலைவிலிருந்து ஆளுதல் இருவர்க்கும் கேடு என்று கருதியவர். ஆயின் அவர் மறைந்தபின் அவர் பெயரையே சொல்லி மான்செஸ்டர் முதலாளிகள், இந்திய அரசாங்கம் வருவாய்க்காக வாங்கிய பருத்தித்துணித் தீர்வையை நீக்குமாறு நெருக்கினர். 1879-ல் வைசிராய் லிட்டன் தம் சபையாரிற் பெரும்பாலார் மறுத்தும் அத்தீர்வையின் ஒரு பகுதியை நீக்கினார். 1882-ல் முற்றும் நீங்கியது. 1894-ல் பணமுடையால் மீண்டும் தீர்வை விதித்தபோது, லங்காஷயருக்குக் குறை நேராதவாறு இந்திய ஆலைத்துணியின் மேலும் ஈடான வரி சுமத்தினர். 1896-ல் இரண்டும் நூற்றுக்கு மூன்றரை என்றாயின. நம்மவர் ஆலையின் மேல் அவ்வரி 1925-ம் ஆண்டின் இறுதி வரை நின்றது. தீர்வையில்லாமை நல்லதா தீயதா என்பது வேறு வாதம். இங்கே பேச்சே நடைபெறவில்லை. ஒரு கையே இரண்டு கட்சிக்கும் கையெழுத்திட்டது. பாரிசில் நூற்றுக்கு ஒன்றிற்காக ஓராண்டு வாதிட்டவரின் பெயரை இதற்குத் துணையழைத்தது அவருக்குச் செய்த அநீதி என்றே நாம் கொள்வோம்.

காப்டனின் கடைசி ஆண்டுகள் அமெரிக்க உள்நாட்டுப் போரின் ஆண்டுகள். வடபகுதியார் தீர்வையை உயர்த்தியவர். தென்பகுதியார் தீர்வை வேண்டாம் என்றவர், லங்காஷயருக்குப் பஞ்சு அளித்தவர். பஞ்சு வராமல் ஆலைகள் மூடி, அவருடைய ராச்டேல் தொழிலாளரே பட்டினி கிடந்தனர். தொடக்கத்திற் சிறிது தயங்கினும், அடிமை வாணிகத்தின் மேல் நின்ற தடையிலா வாணிகம் தமக்கு வேண்டாம் என்று தெளிந்து வடபகுதியின் பக்கமே நின்றார். அத்தொழிலாளர் பலரும் அவ்வாறே நின்றனர்.

1865 மார்ச்சு மாதத்தில், கனடாவிற் கோட்டை கட்டப் பணம் ஒதுக்குவதை எதிர்த்துப் பேசவேண்டும் என்று, கடுங்குளிரில் நோயோடு டன்பர்டிலிருந்து லண்டன் சென்றார். சபைக்குச் செல்ல இயலவில்லை. ஏப்ரல் 2-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை விடுதியறையிலே, பிரைட் அருகிருக்க, உயிர் நீத்தார். மறுநாள் சபையிற் பேச எழுந்த பிரைட், சில சொற்களுக்கு மேல் பேச ஆற்றாமல் அமர்ந்துவிட்டார். டன்பர்டுக்கு அண்மையிலுள்ள மேற்கு லாவிங்டன் கோயில் தோட்டத்திலே, மகனை அடக்கஞ் செய்த இடத்திலே, அவரையும் அடக்கஞ் செய்தனர். லண்டன் காம்டன் பகுதியில் 1868-ல் பொதுமக்கள் பணத்தால் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது. அதற்குப் பெரும்பொருள் அனுப்பியவருள் ஒருவர், மேசையின் எதிர்ப்பக்கத்தில் அமர்ந்திருந்த மூன்றாம் நெப்போலியன்.